நாயனப் பெட்டிக்குத் தாழ் செய்த கதை

தைப்பூசத்துக்கு மோல்மேன் போய் வாசித்துவிட்டுத் திரும்பிய மாமா, ரங்கூன் ஸ்டேஷனிலிருந்து நேராக எங்கள் நாலாம் மாடிக்கு ஏறி வந்து பெட்டியை மேசைமேல் வைத்தார். தண்ணீர்கூடக் கேட்கவில்லை. "திறந்து பாரு மாப்ளே" என்றார். திறக்க வேண்டிய வேலையே இல்லை. ஒரு தாழ் பல்லிளித்துக்கொண்டு தொங்கியது, இன்னொன்று மூடினாலும் நிற்கவில்லை. உள்ளே நாயனம் வேறு, அதன் அடியில் மாட்டுகிற புனல் வாயான அணசு வேறு.

ரங்கூன்–மோல்மேன் பாதையில் போனவர்களுக்கு விளக்க வேண்டாம். மீட்டர் கேஜ் தண்டவாளம். பெகு தாண்டினால் வண்டி ஓடுவதைவிடக் குதிப்பது அதிகம். புதுசாக வருபவர்கள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள். பெட்டி சீட்டுக்கு அடியில் மணிக்கணக்காக இந்தக் குதியலைத் தின்றிருக்கிறது. தட்டோனில் பக்கத்து ஆள் கூடையை எடுக்க வழிவிடலாம் என்று மாமா கைப்பிடியைப் பிடித்துத் தூக்க, பெட்டி வாயைத் திறந்துவிட்டது. ஆச்சா மரம் என்பதால் குழலில் கீறல் இல்லை. அணசு கழன்று, விளிம்பில் ஒரு சில்லு போயிருந்தது. அங்கே போய் நூலைச் சுற்றி இறுக்கி எப்படியோ வாசித்து முடித்திருக்கிறார்.

எனக்குத் தொழில் கணக்கு எழுதுவது. மரவேலை ஞாயிற்றுக்கிழமை வியாதி. "நானே ஒரு பெட்டி செய்து தருகிறேன்" என்று வாய் சொல்லிவிட்டது.

மாசி, முதல் ஞாயிறு

புதுசு செய்வதற்கு முன்னால் பழசு ஏன் தோற்றது என்று பார்க்க உட்கார்ந்தேன். ஒட்டுப்பலகைப் பெட்டி, மேலே ரெக்ஸின். பஜாரில் எல்லாப் பெட்டிக்கும் போடுகிற அதே மடக்குத் தாழ்: கீழே ஒரு நெம்புத் தகடு, அதில் ஆடும் ஒரு வளையம், மேலே மூடியில் ஒரு கொக்கி. வளையத்தைக் கொக்கியில் மாட்டி, நெம்பை அமுக்கினால் 'டக்'.

தாழில் பெரிய குற்றம் இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். மூடியும் பெட்டியும் விளிம்போடு விளிம்பு சும்மா முட்டி நின்றன. ஒன்றை ஒன்று பிடிக்க உதடு கிடையாது. வண்டி குதிக்கும்போதெல்லாம் மூடி பக்கவாட்டில் நகர, அந்த நகர்வை முழுக்கத் தாழ்தான் தாங்கியிருக்கிறது. ரிவிட் ஓட்டைகள் முட்டை வடிவத்துக்கு வந்திருந்தன. மூடியை இழுத்துப் பிடிக்க வந்தவனிடம் சுவரையும் தாங்கச் சொன்னால் என்ன செய்வான்?

ஆகவே முதல் முடிவு தாழைப் பற்றியதே அல்ல. பெட்டியின் விளிம்பில் 6 மி.மீ. உயர நாக்கு, மூடியில் அதற்கு ஏற்ற காடி. பக்கவாட்டு ஆட்டத்தை மரம் பார்த்துக்கொள்ளும்.

மரம் தாத்தா காலத்துக் கட்டிலின் தலைப்பலகை. பர்மாத் தேக்கு என்று ஊர் ஊராகப் பேசுகிறார்களே, அது எங்கள் வீட்டில் கொசுவலை கட்டப் பயன்பட்டுக்கொண்டிருந்தது. 10 மி.மீ. கனத்துக்கு இழைத்தேன். தேக்கில் மணல் சத்து உண்டு, இழைப்புளி சீக்கிரம் மழுங்கும். பத்து இழுப்புக்கு ஒருமுறை சாணைக்கல். எண்ணெய்ப் பசையும் உண்டு. ஒட்டுவதற்கு முன் இணைப்புகளைத் தின்னரால் துடைக்காவிட்டால் பசை பேருக்குத்தான் ஒட்டும். பெட்டி மூன்றே கால் அடி நீளத்துக்கு எழும்பியது. மாமா தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னடா இது, பொணப் பெட்டி மாதிரி கனக்குது" என்றார். அத்தை அடுப்படியிலிருந்து போட்ட சத்தத்தில் அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

மாசி, மூன்றாவது வாரம்

தாழை அட்டையில் வெட்டி, குண்டூசி குத்திப் பார்த்தேன். மூன்று புள்ளிதான் மொத்த விஷயமும். நெம்பின் அச்சு ஒன்று, நெம்பில் வளையம் ஆடும் அச்சு இரண்டு, மூடியில் கொக்கி மூன்று. நெம்பை அமுக்கும்போது இரண்டாவது புள்ளி, மற்ற இரண்டுக்கும் இடையே போட்ட நேர்கோட்டைக் கடந்து உள்ளே போக வேண்டும். கடந்துவிட்டால் மூடியின் இழுப்பே நெம்பை மேலும் அமுக்கும். கடக்காவிட்டால் அதே இழுப்பு நெம்பைத் தூக்கிவிடும்.

கேள்வி, எவ்வளவு கடக்க வேண்டும் என்பது. என் நெம்பில் முதல் இரண்டு புள்ளிக்கும் நடுவே 14 மி.மீ. கோட்டைத் தாண்டி 1 மி.மீ. போனால் போதும் என்று நினைத்தேன். பித்தாகரஸ் போட்டுப் பார்த்ததும் வயிறு கலங்கியது. திரும்பித் திறக்க, வளையம் ஏற வேண்டிய மேடு வெறும் 0.04 மி.மீ. ஒரு தலைமுடியின் கனம்கூட வராது. மோல்மேன் வண்டி அதை முதல் குதியலிலேயே தாண்டிவிடும். 2.5 மி.மீ. கடக்கவிட்டால் மேடு 0.23 மி.மீ. ஆறு மடங்கு.

ஆனால் அந்த 0.23-ஐ யாரோ விட்டுக்கொடுக்க வேண்டுமே. 1.5 மி.மீ. பித்தளைத் தகட்டில் வெட்டிய என் முதல் வளையம் விட்டுக்கொடுக்கவில்லை. கொக்கியின் ஸ்குரூவைத்தான் பிடுங்கியது. இறுக்கத்தைக் குறைத்தால் மூடி ஆடியது, கூட்டினால் நெம்பு இறங்கவில்லை. நடுவில் நல்ல இடம் என்று ஒன்று இல்லவே இல்லை.

தெருமுனையில் சைக்கா (சைக்கிள் ரிக்‌ஷா) பழுது பார்க்கிற பர்மாக்காரர் ஒருவர் இருக்கிறார். லஃபெயெ (பர்மா டீ) வாங்கிக் கொடுத்து, ஸ்டெயின்லெஸ் ஸ்போக் நாலு கேட்டேன். 2 மி.மீ. கம்பி. அதை வளையமாக்கி, இரண்டு காலையும் லேசாகத் தொந்தி போட்டாற்போல வளைத்துவிட்டேன். நெம்பை அமுக்கும்போது தொந்தி கொஞ்சம் நிமிர்கிறது, கோட்டைத் தாண்டியதும் மறுபடி விழுகிறது. 'டக்' என்ற சத்தம் 'டொக்' ஆனது. அந்தச் சத்தத்துக்காக அன்று ராத்திரி இருபது தடவை திறந்து மூடினேன். பக்கத்து வீட்டில் சுவரைத் தட்டினார்கள்.

பித்தளை ஸ்குரூ பற்றி ஒன்று. தேக்கில் நேரடியாக முறுக்கினால் தலை கையோடு வந்துவிடும், மீதி உள்ளே இருந்து பல்லைக் காட்டும். எனக்கு இரண்டு போனது. அப்புறம் அதே அளவு இரும்பு ஸ்குரூவை முதலில் ஏற்றிக் கழற்றி, கோயில் மெழுகுவத்தியைப் பித்தளையில் தேய்த்து ஏற்றினேன். வெண்ணெயில் போவதுபோலப் போயிற்று.

பங்குனி பிறந்த பிறகு

'டொக்' மட்டும் போதாது, நெம்பு தானாக எழாமல் இருக்க ஒரு காவல் வேண்டும். என் மூளையில் முதலில் உதித்தது ஒரு சின்ன பித்தளை ஊசி. நெம்பின் மேல் ஒரு துளை வழியாக, தன் கனத்திலேயே கீழே விழுந்து நெம்பைப் பூட்டும். ஸ்பிரிங் வேண்டாம், தேய்மானம் இல்லை. எனக்கு அதன்மேல் காதலே வந்துவிட்டது.

சோதனைக்கு வட்ட ரயிலில் ஏறினேன். நகரைச் சுற்றி 46 கிலோமீட்டர், 39 நிலையம். ஏறிய இடத்திலேயே இறங்கலாம். நாயனத்துக்குப் பதில் பெட்டிக்குள் 3 கிலோ அரிசி, இரண்டு துணிப்பையில். இன்செயின் வரைக்கும் எல்லாம் சுகம். தன்யின்கோனில் காய்கறிக்காரர்கள் ஏறினார்கள். கீரைக்கட்டும் பூசணியுமாக ஒரு ரயில் பெட்டி முழுக்க நிரம்பிவிடும் இடம் அது. ஒரு அம்மாள் என் பெட்டியைக் காலால் ஒதுக்கி, கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் மூட்டையை வைத்து உட்கார்ந்துவிட்டார். கேட்க முடியுமா? இறங்கும்போது பெட்டியை நிமிர்த்தினால், கவிழ்ந்த நேரத்தில் ஊசி தன் கனத்திலேயே வெளியே வந்து ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. மூட்டையின் கயிறோ என்னவோ மாட்டி, வலது நெம்பு பாதி எழும்பி இருந்தது. கனத்தை நம்பிய பூட்டுக்கு மேல் எது கீழ் எது என்று பெட்டிதான் சொல்ல வேண்டும். பெட்டியைத் தூக்குகிற கூலிக்காரர் அதைக் கேட்கப்போவதில்லை.

வீட்டுக்கு வந்து ஊசியைக் கழற்றி ஆணி டப்பாவில் போட்டேன். மனசு வரவில்லை, ஆனாலும் போட்டேன்.

அடுத்தது ஸ்பிரிங் நாக்கு. இரும்பு அறுக்கிற வாளின் உடைந்த ஆக்ஸா பிளேடு. முனையில் ஓட்டை ஏற்கனவே இருக்கிறது, அதில் ஸ்குரூ போட்டுப் பெட்டியோடு பிடித்துக்கொள்ளலாம். மறுமுனையை மூக்குபோல வளைக்கப் போனேன், 'டிங்' என்று முறிந்து ஜன்னல் வழியாக நாலு மாடி இறங்கிவிட்டது. நல்ல வேளை, கீழே யாரும் இல்லை. இன்னொன்றும் முறிந்தது. மூன்றாவதற்குப் புத்தி வந்தது. பிளேடின் நடுவில் ஈரத்துணியைச் சுற்றி, நுனியை மட்டும் கரியடுப்பில் சிவக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து மறுநாள் காலை வரை விட்டேன். மெல்ல ஆறினால் எஃகு மெத்தென்றாகிவிடும், துளை போடலாம். அதில் பித்தளை மூக்கு ஒன்றை ரிவிட் அடித்தேன். துணி சுற்றிய பகுதிக்கு ஸ்பிரிங் குணம் அப்படியே இருந்தது.

இப்போது நெம்பு இறங்கும்போது மூக்கை ஒதுக்கிக்கொண்டு போகிறது, கீழே போனதும் மூக்கு மேலே வந்து கவ்வுகிறது. திறக்கக் கட்டைவிரலால் மூக்கைத் தள்ளி, ஆள்காட்டி விரலால் நெம்பைத் தூக்க வேண்டும். இரண்டு வேலை, ஆனால் ஒரு கை. இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை, ஏனென்றால் கோயிலில் மாமாவின் இன்னொரு கையில் எப்போதும் சீவாளிக் கொத்து (நாயனத்தை ஊதும் நாணல் துண்டுகள்) இருக்கும். கயிறு, கூடைக் காது எதுவும் மாட்டாமல் இருக்க, நெம்பின் இரண்டு பக்கமும் 12 மி.மீ. உயரத் தேக்குச் சட்டம் ஒட்டினேன். நெம்பு அதற்குள் பதுங்கிக்கொள்ளும்.

வட்ட ரயிலில் மறுபடி ஒரு சுற்று. இந்தத் தடவை நானே தன்யின்கோனில் பெட்டியைக் கவிழ்த்து வைத்து, உட்காருங்கள் என்று இடம் கொடுத்தேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. அரிசி உள்ளேயே இருந்தது.

பங்குனி உத்திரத்துக்கு மாமா புதுப் பெட்டியோடு பெகு போய் வந்தார். "ம்" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை.

ஆனி, ஆடி

மழை பிடித்தது. இரண்டாவது வாரமே போன்: "மாப்ளே, பெட்டி மூட மாட்டேங்குது."

போய்ப் பார்த்தால் நெம்பு கோட்டைத் தாண்ட மறுக்கிறது. பங்குனியில் பெட்டியின் பக்கவாட்டில், கொக்கி ஸ்குரூவுக்கும் நெம்பு ஸ்குரூவுக்கும் நடுவே 100 மி.மீ. என்று பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன். இப்போது காலிப்பரில் 100.7. தேக்கு அதிகம் அசையாத மரம்தான். ஈரம் 1% கூடினால், மரத்தின் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் 0.19% அளவுக்கு அகலும். மற்ற பல மரங்களுக்கு இது இன்னும் அதிகம். ஆனால் என் தாழ் 0.23 மி.மீ. மேட்டை நம்பிப் பிழைக்கிறது, அதற்கு 0.7 என்பது மலை. சித்திரை வெயிலில் இதுவே எதிர்ப்பக்கம் போய் மூடியைத் தளர்த்திவிடும்.

இரண்டு நாள் யோசித்தபோது பிடிபட்டது: தகடு வீங்காது. வீங்குவது, தகடுகளைப் பிடித்திருக்கும் ஸ்குரூக்களுக்கு இடையே உள்ள மரம் மட்டும். அந்த இடைவெளி 100 மி.மீ. ஆக இருக்க வேண்டிய அவசியம் என்ன? நெம்பின் அடித்தகட்டை மேலே நீட்டி, ஸ்குரூக்களை மூடி விளிம்பருகே கொண்டுவந்தேன். கொக்கியையும் கீழே இறக்கினேன். ஸ்குரூவுக்கு ஸ்குரூ இப்போது 35 மி.மீ. வீக்கமும் அதே விகிதத்தில் கால் மில்லிமீட்டருக்குச் சுருங்கியது. அதைத் தொந்திக் கம்பி விழுங்கிக்கொள்கிறது.

பழைய ஸ்குரூ ஓட்டைகளைத் தேக்குக் குச்சி அடித்து அடைத்தேன். உற்றுப் பார்த்தால் தெரியும். தெரியட்டும்.

சைக்காக்காரர் என் கதையைக் கேட்டுவிட்டு, ஸ்போக்கின் மறையுள்ள (திருகு வெட்டிய) முனையை ஏன் வெட்டி எறிந்தாய் என்று திட்டினார். அவர் சொன்ன பிறகுதான் உறைத்தது. வளையத்தை மறுபடி செய்தேன்: இரண்டு ஸ்போக் துண்டு, வளைந்த முனைகள் நெம்பின் இருபக்கத் துளையில், மறையுள்ள முனைகள் ஒரு பித்தளைக் குறுக்குச் சட்டத்தைத் துளைத்து வெளியே, அதன்மேல் ஸ்போக்கை இறுக்குகிற குட்டி நட்டான நிப்பிள். ஸ்போக் மறை ஒரு அங்குலத்துக்கு 56 சுற்று. நிப்பிளை ஒரு சுற்று திருப்பினால் 0.45 மி.மீ. மழைக்கு அரைச் சுற்று தளர்த்து, வெயிலுக்கு அரைச் சுற்று இறுக்கு. சக்கரத்துக்குக் கோணல் எடுக்கிற அதே சாவி. அதைப் பெட்டிக்குள்ளேயே, சீவாளி டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு குழி தோண்டிப் பொருத்தினேன்.

ஆடி வெள்ளிக்கு வாசித்துவிட்டு வந்த மாமா, மழையில் நனைந்த பெட்டியைக் கரண்ட் இல்லாத கூடத்தில் இருட்டிலேயே ஒரு கையால் திறந்து, நாயனத்தைத் துடைத்து, மூடினார். இடது தாழ் 'டொக்' என்றது. வலது சத்தமே போடவில்லை. மூக்கு கவ்வுகிறது, ஆனால் அரை நூல் தள்ளி. ரிவிட் லேசாகத் தளர்ந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கழற்றிப் பார்க்கிறேன். மூன்று பிளேடு இன்னும் மிச்சம் இருக்கிறது.