பூங்காவுக்கு 1,350 டாலர் கொடுக்க நான் பட்ட பாடு

கலிஃபோர்னியாவில் மாநிலப் பூங்கா எதற்காவது நன்கொடை கொடுக்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், காசோலையில் யார் பெயரை எழுதப்போகிறீர்கள் என்பதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். நான் விசாரிக்கவில்லை. அதனால் 30 டாலர் வங்கிக்குப் போனது, ஒரு நாள் விடுப்பு வீணானது, சேர்ந்து பணம் போட்ட ஒன்பது குடும்பங்களில் இரண்டு இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

பின்னணி இதுதான். 278 மாநிலப் பூங்காக்களில் 70ஐ 2012 ஜூலை 1ஆம் தேதிக்குள் மூடப்போவதாக 2011 மே மாதம் மாநில அரசு அறிவித்தது. 22 மில்லியன் டாலர் மிச்சமாகுமாம். 2009இல் அப்போதைய ஆளுநர் சுவார்ஸ்நேகர் 220 பூங்காக்களை மூடப்போவதாகச் சொல்லிவிட்டுப் பின்வாங்கியவர். அதனால் இதுவும் பூச்சாண்டிதான் என்று நினைத்தேன். 2010 நவம்பரில் வாகனம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 18 டாலர் வசூலித்துப் பூங்காக்களுக்கே கொடுக்கலாம் என்ற 21ஆம் எண் முன்மொழிவு வாக்கெடுப்புக்கு வந்து தோற்றது. எனக்கு இங்கே வாக்குரிமை இல்லை. எதிர்த்து வாக்களித்த பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை போடும் உரிமை மட்டும் இருந்தது, அதை முழுமையாகப் பயன்படுத்தினேன்.

நாங்கள் மாதம் ஒருமுறை புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போகும் பூங்காவும் அந்த 70இல் இருந்தது. எந்தப் பூங்கா என்று சொல்லமாட்டேன். அங்கே மிஞ்சியிருக்கும் ஒற்றை ரேஞ்சர், அதாவது பூங்காக் காவலர், நல்ல மனிதர், அவருக்குத் தொல்லை வேண்டாம். நண்பர் ஒருவரின் அம்மா மன்னார்குடியிலிருந்து வந்திருந்தபோது, அங்குள்ள பெரிய ரெட்வுட் மரம் ஒன்றைத் தல விருட்சம்போல மூன்று முறை சுற்றி வந்தார். அன்று சாப்பிட்டுக்கொண்டே குடும்பத்துக்கு 150 டாலர் என்று பேசி முடித்தோம். ஒன்பது குடும்பம், 1,350 டாலர். ஒரே காசோலையாகக் கொடுத்தால் கௌரவமாக இருக்கும் என்று சொன்ன புத்திசாலி நான்தான்.

2012 மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு, காசோலையை நேரில் கொடுக்கப் போனேன். மலைப்பாதையில் ஒன்றரை மணி நேரம். போய்ச் சேர்ந்தால் கேட் பூட்டியிருந்தது. பழுப்பு வண்ணம் பூசிய இரும்புக் குழாய்க் கேட். சங்கிலியில் மூன்று பூட்டுகளை ஒன்றோடொன்று கோத்திருந்தார்கள், யாரிடம் எந்தச் சாவி இருந்தாலும் திறப்பதற்காக. என்னிடம் எதுவும் இல்லை. பட்ஜெட் வெட்டு காரணமாக வார நாள்களில் மூடியிருக்கும் என்று பிளாஸ்டிக் உறையில் செருகிய ஒரு தாள் சொன்னது. ஜூலையில் மூடப்போவதைப் பற்றித்தான் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தோம். வாரத்தில் ஐந்து நாள் ஏற்கெனவே மூடியாகிவிட்டது என்பதை வார இறுதியில் மட்டும் போகிற நாங்கள் கவனிக்கவே இல்லை. போகும்முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள், இணையதளத்தில் போட்டிருக்கும் நேரத்தை நம்பாதீர்கள்.

கேட்டுக்கு வெளியே, கட்டணம் செலுத்தும் இரும்புக் குழாய் ஒன்று நட்டிருக்கும். ஆள் இல்லாத நேரத்தில் உறையில் பணத்தை வைத்து அதன் வாயில் போட வேண்டும். ‘இரும்பு ரேஞ்சர்’ என்பார்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்ற எரிச்சலில், மாநிலப் பூங்காத் துறையின் பெயருக்கு எழுதிய 1,350 டாலர் காசோலையை அந்த உறை ஒன்றில் மடித்துப் போட்டுவிட்டு வந்தேன். எந்தப் பூங்காவுக்கு என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. உறையின் ஓரத்தில் கிழிக்கும் துண்டை மட்டும் கிழித்து, வாகன எண்ணை ஒழுங்காக எழுதிப் பத்திரப்படுத்தினேன்!

அன்றிரவே என் நிறுவனத் தளத்தில் மேட்சிங் தொகைக்கு விண்ணப்பித்தேன். நாம் ஒரு டாலர் கொடுத்தால் நிறுவனமும் ஒரு டாலர் போடும் திட்டம். இரண்டே நாளில் நிராகரித்துவிட்டார்கள். துறை என்பது அரசு, 501சி3 எனப்படும் வரிவிலக்குப் பெற்ற தொண்டு அமைப்பு அல்ல. அரசுக்குக் கொடுப்பதற்கும் வரிக்கழிவு உண்டு, மேட்சிங் கிடையாது. இந்த வேறுபாட்டை அந்த மின்னஞ்சலில்தான் முதன்முதலாகத் தெரிந்துகொண்டேன்.

பிறகு ரேஞ்சரைத் தொலைபேசியில் பிடித்தேன். அவர் சொன்னதுதான் என்னை உண்மையில் உலுக்கியது. அந்தக் குழாயில் விழும் கட்டணப் பணம் பூங்காவில் தங்காது. மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவில் இருக்கும் மாநிலப் பூங்கா நிதிக்குப் போய்விடும். அங்கிருந்து எவ்வளவு திரும்பி வரும் என்பது வேறு கதை. பூங்காவிலேயே பணம் தங்க வேண்டும் என்றால், அதற்கென்று இருக்கும் தொண்டு அமைப்பின் பெயரில் காசோலை எழுத வேண்டும். காசோலையை எடுத்துத் தர முடியுமா என்று கேட்டேன். அந்தக் குழாயைத் திறந்து கணக்கிட இரண்டு பேர் வேண்டும், இங்கே இருப்பது நான் ஒருவன் என்றார். வேறு வழியில்லாமல் வங்கிக்குப் போய் ‘பணம் கொடுக்க வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்தேன். 30 டாலர்.

தொண்டு அமைப்பின் அலுவலகம் வாரத்தில் இரண்டு காலைப்பொழுதுகள் மட்டும் திறந்திருந்தது. இருந்தவர் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மையார், தன்னார்வலர். இரண்டாவது காசோலையை எழுதிக் கொடுத்தேன். நிறுவனம் கேட்ட ஒன்பது இலக்க வரி எண்ணைச் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துச் சொன்னார். வரிவிலக்குக் கடிதத்தைத் தேட முக்கால் மணி நேரம் ஆனது. கடைசியில் கிடைத்தது தட்டச்சில் அடித்த ஒரு பழைய கடிதத்தின் நகலுக்கு நகல். இரண்டாம் பக்கத்தில் கீழ்ப்பாதி முழுக்கச் சாம்பல் பூத்திருந்தது. ஸ்கேன் செய்து ஏற்றினேன்.

மறுபடியும் நிராகரிப்பு. பலரிடம் வசூலித்துக் கொடுக்கும் பணத்துக்கு மேட்சிங் இல்லையாம், ஊழியர் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்திருக்க வேண்டுமாம். சரி, என் பங்கு 150 டாலருக்கு மட்டும் ரசீது கொடுங்கள் என்று அம்மையாரிடம் கேட்டேன். காசோலை 1,350க்கு வந்திருக்கிறது, 1,350க்குத்தான் ரசீது எழுதுவேன் என்றார். அவர் சொன்னது நியாயம். ஆனால் அந்த ரசீதை வைத்துக்கொண்டு மற்ற எட்டுப் பேரின் பணத்துக்கும் நானே வரிக்கழிவு கேட்டால் அது திருட்டு. அவர்கள் கேட்டால் அவர்களிடம் காட்ட ஒரு துண்டுத் தாள்கூட இல்லை.

எங்களைப் போல் கூட்டாக வசூலிக்காதீர்கள். 250 டாலரும் அதற்கு மேலும் கொடுத்தால்தான் அமைப்பின் எழுத்துமூலமான ஒப்புகை வருமான வரித்துறைக்குத் தேவை. அதற்குக் கீழே என்றால், செலுத்திய காசோலைக்கான வங்கிக் கணக்குப் பதிவே போதும். ஆளுக்கு 150 டாலரை அவரவர் காசோலையில் கொடுத்திருந்தால் வரிக்கழிவுக்கு யாருக்கும் எந்தக் கடிதமும் தேவைப்பட்டிருக்காது. ஒன்பது குடும்பத்திலும் யாரோ ஒருவர் மேட்சிங் தரும் நிறுவனத்தில்தான் வேலை செய்கிறார். கௌரவத்துக்காக நான் கெடுத்தது அது.

இந்த இடத்தில் ஒரு நல்லது நடந்தது. அம்மையார் மாதத்தில் இரண்டு வியாழக்கிழமைகளில்தான் வங்கிக்குப் போவார். என் காசோலை இன்னும் அவர் மேசையின் இழுப்பறையில், ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் இருந்தது! எடுத்து என் கையில் கொடுத்தார், நான் அங்கேயே கிழித்தேன். பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் அவரவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, தனித்தனிக் காசோலை எழுத வைத்தேன். ஜூன் கடைசிக்குள் எட்டு போய்ச் சேர்ந்தன. ஒன்பதாவது மதுரைக்காரருடையது. காசோலைப் புத்தகம் தீர்ந்துவிட்டது, வந்ததும் எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஜூலை 1 வந்தது, பூங்கா மூடவில்லை. பட்டியலில் இருந்த பெரும்பாலானவை இப்படித்தான் தப்பின. சாமுவேல் பி. டெய்லர் பூங்காவைத் தேசியப் பூங்காச் சேவை பார்த்துக்கொள்ள முன்வந்தது. ஜாக் லண்டன் பூங்காவை ஒரு தொண்டு அமைப்பு ஏற்றுக்கொண்டது. ஹென்றி கோ பூங்காவுக்கு நன்கொடையாளர்கள் மூன்று ஆண்டுகளுக்குப் பொறுப்பேற்றார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்களும் கேசரி கிண்டி எடுத்துப் போனோம்.

மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஜூலை 20, வெள்ளிக்கிழமை. பூங்காத் துறையிடம் யாருக்கும் சொல்லாமல் 54 மில்லியன் டாலர் கிடந்ததாகச் செய்தி வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாக நிதித்துறைக்குக் காட்டும் கணக்கில் குறைத்தே காட்டி வந்திருக்கிறார்கள். துறையின் இயக்குநர் ரூத் கோல்மன் அன்றே பதவி விலகினார். அதற்குச் சில நாள் முன்பு, தலைமையகத்தில் அனுமதியில்லாமல் விடுப்பு நாள்களைக் காசாக்கிக்கொண்டதில் 2,71,000 டாலருக்கு மேல் போயிருக்கிறது என்பதைச் சாக்ரமெண்டோ பீ நாளிதழ் வெளிக்கொண்டு வந்திருந்தது. பள்ளிப் பிள்ளைகள் எலுமிச்சைச்சாறு விற்றுப் பூங்காவுக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருந்த நாள்கள் அவை.

கோபப்பட்டவர்கள் எல்லாரும் 54 என்ற எண்ணையே சொன்னார்கள். அதில் 33.5 மில்லியன் மேடுபள்ளத்தில் ஓட்டும் வாகனங்களுக்கான தனி நிதி. அதை எங்கள் பூங்காவின் கழிப்பறையைக் கழுவப் பயன்படுத்தியிருக்க முடியாது. மீதி 20.4 மில்லியன்தான் என் வயிற்றை எரித்தது. மிச்சம் பிடிக்க வேண்டும் என்று சொல்லி 70 பூங்காக்களை மூடப் பார்த்தார்களே, அந்தத் தொகை 22 மில்லியன்! இரண்டையும் ஒரு தாளில் அருகருகே எழுதிச் சமையலறை மேசைமேல் வைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அந்த 20.4 மில்லியன் கிடந்தது மாநிலப் பூங்கா நிதியில். இரும்பு ரேஞ்சரின் வாய்வழியாகப் போகும் பணம் சேரும் அதே நிதி. என் முதல் காசோலையை நான் நிறுத்தியிருக்காவிட்டால் அதுவும் அந்தக் குவியலில் போய் உட்கார்ந்திருக்கும். 30 டாலர் தண்டம் அழுததற்காக நான் மகிழ்ந்த ஒரே நாள் அது.

எல்லாரும் அப்படி மகிழவில்லை. சனிக்கிழமை காலையிலேயே இரண்டு வீடுகளிலிருந்து அழைப்பு. பணத்தைத் திருப்பி வாங்கிக் கொடு என்றார்கள், நான்தான் ஒளித்து வைத்ததுபோல. மதுரைக்காரரும் அழைத்தார். “நான் சோம்பேறி இல்லை அண்ணே, தீர்க்கதரிசி” என்றார். அவருடைய காசோலைப் புத்தகம் முந்தைய நாள்தான் வந்திருந்ததாம்.

அம்மையாரிடம் கேட்டே பார்த்தேன். காலையிலிருந்து இதே கேள்விதான் வருகிறது என்றார், குரல் கம்மியிருந்தது. எங்கள் பணத்தில் ஒரு பகுதி குப்பை அள்ளுகிறவருக்கும் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்கிறவருக்கும் ஏற்கெனவே போய்விட்டது. கொடுத்தது கொடுத்ததுதான், திருப்புவதற்கு விதியில் இடமில்லை. சாக்ரமெண்டோ எங்களிடமும்தான் மறைத்தது என்று அவர் சொன்னபோது எனக்கு மேற்கொண்டு கேட்க வாய் வரவில்லை. மன்னார்குடி அம்மா தொலைபேசியில் விவரம் கேட்டுவிட்டு, உண்டியலில் போட்டதை யாராவது திருப்பிக் கேட்பார்களா என்றார். உண்டியல் சாவி வைத்திருப்பவரே ஒளித்து வைத்தால் என்ன செய்வது என்று அவரிடம் நான் கேட்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் என் கையிலிருந்து 150 டாலர் கொடுக்க முன்வந்தேன். ஒருவர் வேண்டாம் என்றார். ஒருவர் வாங்கிக்கொண்டார்.

2012 செப்டம்பரில் அப்போதைய ஆளுநர் ஜெர்ரி பிரவுன், இரண்டு ஆண்டுகளுக்குப் பூங்காக்களை மூடக்கூடாது என்ற சட்டத்தில் கையெழுத்திட்டார். மறைந்திருந்த அந்தப் பணத்தில் ஒரு பகுதியை, பொதுமக்கள் கொடுக்கும் நன்கொடைக்கு ஈடாகப் போடப்போவதாகச் சொன்னார்கள். அதாவது மாநிலமே மேட்சிங் தர வந்தது. இதைக் கேட்டதும் மதுரைக்காரர் காசோலை அனுப்பிவிட்டார்.

என்னுடைய மேட்சிங் 150 டாலர் அப்போதும் வரவில்லை. மூன்றாவது விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது: வரிவிலக்குக் கடிதத்தின் இரண்டாம் பக்கம் தெளிவாக இல்லை, மறுபடியும் ஸ்கேன் செய்து அனுப்பவும்.