'நான் யார்?' – ஒரு தாள், கொஞ்சம் ஒட்டுச்சீட்டு

ஒரு தாளில் 1 முதல் 20 வரை எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'நான்' என்று தொடங்கி ஒரு வரி எழுதுங்கள். நேரம் 12 நிமிடம். செதுக்க வேண்டாம், மனதில் வருகிற வரிசையிலேயே எழுதினால் போதும். கூன், மெக்பார்ட்லண்ட் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 1954-இல் வெளியிட்ட சோதனை இது. அன்றைய அமெரிக்க மாணவர்களில் பலர் முதலில் மாணவன், மகள், இன்ன மதம் என்று குழுப் பெயர்களாகவே எழுதித் தள்ளினார்கள். அந்தச் சரக்கு தீர்ந்த பிறகுதான் குணத்துக்கு வந்தார்கள்.

எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தும் பட்டியல் மாறும். சுற்றிலும் பெண்களாகவே இருந்தால் 'நான் பெண்' என்பது கீழே இறங்கும்; ஆண்கள் நடுவே ஒருத்தியாக இருந்தால் மேலே ஏறும். அதனால் வேலையிடத்தில் ஒரு முறை, வீட்டில் ஒரு முறை எழுதிப் பார்ப்பது நல்லது. இரண்டிலும் முதல் ஐந்துக்குள் வருகிற வரிகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். மற்றவை அந்த நேரத்துக் காற்று.

குழு உணர்வு வளர வருடக்கணக்கான பழக்கமோ பழைய பகையோ தேவையில்லை என்பதைக் காட்டியவர் சமூக உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல். 1970-இல் வெளியான ஆய்வில், 14, 15 வயதுப் பள்ளி மாணவர்களுக்குத் திரையில் புள்ளிகளைக் காட்டி எண்ணிக்கையை ஊகிக்கச் சொன்னார். 'நீ கூட்டிச் சொல்கிற ரகம், நீ குறைத்துச் சொல்கிற ரகம்' என்று பிரித்தார். உண்மையில் பிரித்தது குருட்டாம்போக்கில்தான். பிறகு மற்றவர்களுக்குப் பணம் பங்கிடச் சொன்னார். யார் என்றே தெரியாத 'நம்மாளு'க்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். அடுத்த சோதனையில் ஓவிய ரசனையை வைத்துப் பிரித்தபோது இன்னும் விசித்திரம். பங்கீட்டுக்கு ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: தன் குழுவுக்கு 19, எதிர்க்குழுவுக்கு 25 என்ற கட்டமும் இருந்தது, தன் குழுவுக்கு 7, எதிர்க்குழுவுக்கு 1 என்ற கட்டமும் இருந்தது. தொகை குறைந்தாலும் பரவாயில்லை, நாம் மேலே நிற்க வேண்டும் என்ற பக்கமே கை சாய்ந்தது. 'நாம்' உயர்ந்தால் 'நான்' உயர்கிறேன் என்ற கணக்கு இது. 1979-இல் தாஜ்ஃபெலும் ஜான் டர்னரும் முன்வைத்த சமூக அடையாளக் கோட்பாடு இதை ஒட்டி வளர்ந்ததுதான்.

சரி, நம் கணக்கை எப்படிப் பார்ப்பது? இணையத்து ஆளுமைத் தேர்வுகளை விட எனக்குப் பிடித்தது குழு வரைபடம். உளவியலாளர்கள் பயன்படுத்துகிற முறைதான். பெரிய தாளின் நடுவில் 'நான்'. மூன்று அளவில் ஒட்டுச்சீட்டு. ஒரு சீட்டுக்கு ஒரு குழு. மிக முக்கியமானது பெரிய சீட்டில், சுமாரானது சின்னதில். ஒவ்வொன்றிலும் இரண்டு எண் எழுதுங்கள்: கடந்த மாதம் எத்தனை நாள் அவர்களோடு எதையாவது செய்தீர்கள், அங்கே இருக்கும்போது மனநிலைக்கு பத்துக்கு எத்தனை. ஒன்றோடொன்று ஒத்துப்போகிற குழுக்களைப் பக்கத்தில் ஒட்டி நேர்கோட்டால் இணையுங்கள். ஒன்றில் இருந்தால் மற்றதில் இருப்பது சிரமம் என்றால் முறுக்குக்கோடு.

பிசகுவது பெரும்பாலும் சீட்டின் அளவில்தான். முக்கியமாக இருக்க வேண்டியதைப் பெரிய சீட்டில் எழுதுவார்கள். மாதத்தில் நாள் 1, மதிப்பெண் 3 என்று எண் உண்மையைச் சொல்லிவிடும். அது கடமை, அடையாளம் இல்லை. தனி நண்பரைக் குழுவாக எழுதுவதும், வெளியே சொல்லக் கூச்சப்படுகிற குழுவை விட்டுவிடுவதும் உண்டு. கூச்சப்படுகிற குழுவும் நம்மை வடிவமைக்கிறது, ஒளித்து வைப்பதால் இன்னும் கூடுதலாக.

பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. தாளில் ஏழு சீட்டு இருக்கும். அலுவலகக் குழு, அலுவலக விளையாட்டு அணி, அங்கே கிடைத்த நண்பர் வட்டம், அவர்களோடு போகிற உடற்பயிற்சிக் கூடம்... வேலைச் சீட்டைக் கவிழ்த்து வையுங்கள். அதை நம்பி நிற்கிற சீட்டுகளையும் கவிழ்த்து வையுங்கள். மிச்சம் ஒன்றோ இரண்டோதான் என்றால், உங்களிடம் ஏழு குழு இல்லை. வேலை போனால், ஓய்வு பெற்றால், சம்பளத்தோடு 'நான்' என்பதில் பாதியும் போய்விடும். பக்கவாதத்திலிருந்து மீண்டவர்களைப் பற்றிய 2008 ஆய்வு ஒன்றில், நோய்க்கு முன் பல குழுக்களில் இருந்தவர்களுக்குப் பின்னாளில் வாழ்க்கைத் திருப்தி கூடுதலாக இருந்தது; பழைய குழுக்களில் சிலவாவது கைவிட்டுப் போகாமல் இருந்ததே முக்கியக் காரணம்.

புதுக் குழு சேர்ப்பதாக இருந்தால் ஏற்கெனவே தெரிந்தவர் யாரும் இல்லாத இடமாகப் பாருங்கள். பார்வையாளராகப் போகாமல், நாற்காலி போடுவதோ கணக்கு எழுதுவதோ, ஏதாவது ஒரு வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். குழுவில் ஒரு பொறுப்பும் ஏற்காதவருக்கு 'நாங்க' என்ற சொல் வாயில் வரவே வராது. ஆறு மாதம் கழித்துப் பழைய தாளைப் பார்க்காமல் புதிதாக ஒன்று போட்டு, பிறகு இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். எழுத மறந்துபோன சீட்டு எது என்று முதலில் தேடுங்கள்.