ஆர்வி-7 ஆஸ்திரேலியா வந்த கதை: பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

அமெரிக்காவில் வாங்கிய விமானத்தை ஆஸ்திரேலியாவில் பறக்க விடும் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் விற்றவர் மேல் இருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை. அமெரிக்காவிலிருந்து ஹோம்பில்ட் (தனிநபர் தானே கட்டிய) விமானம் இறக்கப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டுத் தப்பித்தால் சரி.

நான் வாங்கியது ஆர்வி-7, கிட் (உதிரிபாகத் தொகுப்பு) வாங்கிக் கட்டும் சிறு விமானம். இரண்டு இருக்கை, லைகோமிங் ஓ-360 இன்ஜின். கட்டியவர் வேறு, எனக்கு விற்றவர் மூன்றாவது உரிமையாளர். விமானத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ரிவெட் வேலை அவ்வளவு சுத்தம். விலை பேசும்போது "கட்டுமானப் பதிவுகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன" என்றார். கன்டெய்னர் கிளம்பிய பிறகு வந்த பெட்டியைத் திறந்தால் இன்ஜின் லாக், ஏர்ஃப்ரேம் லாக் (இன்ஜினுக்கும் விமான உடலுக்குமான பதிவேடுகள்), கொஞ்சம் ரசீதுகள். கட்டும்போது எடுத்த ஒரு போட்டோகூட இல்லை. கேட்டால், "இத்தனை வருஷம் பறந்திருக்கிறதே, அது போதாதா?" என்கிறார்.

போதாது. அமெரிக்காவில் கொடுத்த எக்ஸ்பெரிமென்டல் சான்றிதழ் இங்கே தானாகச் செல்லாது. காசா (ஆஸ்திரேலிய விமானப் பாதுகாப்பு ஆணையம்) விதிகளில் 21.191(ஜி) பிரிவின் கீழ் புதிதாக வாங்க வேண்டும். அதற்கு விமானத்தின் பெரும்பகுதியை ஒரு தனிநபர் தன் கற்றலுக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டினார் என்று காட்டியாக வேண்டும். காசு வாங்கிக்கொண்டு ஒரு பட்டறை கட்டிக்கொடுத்தது என்றால் இந்தப் பிரிவே பொருந்தாது. ஆய்வுக்கு வந்தவர் இன்ஜினைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டது இதைத்தான்: "யார் கட்டியது? ஆதாரம் எங்கே?"

என்னைக் காப்பாற்றியது ஓக்லஹோமா சிட்டியில் இருக்கும் எஃப்ஏஏ (அமெரிக்க விமானத் துறை அமைப்பு) பதிவகத்தின் கோப்பு. எந்த விமானத்தின் என்-எண்ணை (அமெரிக்கப் பதிவு எண்) கொடுத்தாலும், அதன் பதிவு ஆவணங்களும் ஏர்வொர்த்தினஸ் (பறக்கும் தகுதி) ஆவணங்களும் அடங்கிய முழுக் கோப்பின் நகலையும் 10 டாலர் அளவிலான கட்டணத்தில் யாரும் வாங்கலாம். எனக்கு வந்த கோப்பில் 8130-12 படிவம் இருந்தது. பாதிக்கு மேல் நானே கட்டினேன் என்று கட்டியவர் நோட்டரி முன்னிலையில் கொடுத்த உறுதிமொழி அது. கிட் சீரியல் நம்பர் விமானத்தில் பதித்த அடையாளத் தகடான டேட்டா பிளேட்டோடு அப்படியே பொருந்தியது. கட்டியவர் இப்போது உயிரோடு இல்லை. அவர் மனைவிக்கு எழுதினேன். பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்து, கராஜில் இறக்கைத் தகடுகளை அவர் ரிவெட் அடிக்கும் படங்களை அனுப்பினார். முன்பின் தெரியாத ஒருவனுக்காக அந்த அம்மா எடுத்துக்கொண்ட சிரமத்தை மறக்க மாட்டேன். ஆய்வாளர் அந்தப் படங்களையும் படிவத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி எழவில்லை.

அதே கோப்பில் இன்னொரு பூதமும் இருந்தது. முந்தைய உரிமையாளர் ஒருவர் வாங்கிய கடன். கடனை அடைத்தாயிற்றாம், ஆனால் அடமான விடுவிப்பைப் பதிவு செய்யவில்லை. அது தீராமல் ஏற்றுமதிக்காக என்-எண்ணை ரத்து செய்ய முடியாது. 1944 சிகாகோ உடன்படிக்கையின் 18-வது பிரிவுப்படி ஒரு விமானம் ஒரே நேரத்தில் இரண்டு நாடுகளில் பதிவில் இருக்கவும் கூடாது. ஆக அங்கே ரத்தாகாமல் இங்கே விஎச் எழுத்து (ஆஸ்திரேலியப் பதிவுக் குறி) கிடைக்காது. விற்றவர் இதற்காக ஒரு போன் செய்யவே வாரக்கணக்கில் இழுத்தடித்தார். முழுப் பணத்தையும் முன்பே கொடுத்துவிடாதீர்கள். பதிவு ரத்தாகும் வரை ஒரு பகுதியை எஸ்க்ரோவில் (நடுநிலையான மூன்றாம் நபரிடம்) நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது ஆஸ்பெஸ்டாஸ். ஆஸ்திரேலியாவில் 2003 டிசம்பர் 31 முதல் முழுத் தடை. துளி அளவுகூட அனுமதி இல்லை. பழைய எக்ஸாஸ்ட் கேஸ்கட், பிரேக் லைனிங், ஃபயர்வாலில் (இன்ஜினைப் பிரிக்கும் தடுப்புத் தகடு) ஒட்டிய வெப்பத் தடுப்புப் பொருள், எல்லாமே சந்தேகப் பட்டியலில் வரும். நான் அமர்த்திய கஸ்டம்ஸ் புரோக்கர் "விற்றவரின் கடிதம் ஒன்று போதும்" என்று உறுதியாகச் சொன்னார். கடிதத்தை ஏற்கவில்லை. கன்டெய்னர் மெல்போர்னில் நின்றுவிட்டது, வாடகை தினமும் ஏறியது. மாதிரி எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்து, 'இல்லை' என்று அறிக்கை வந்த பிறகே விட்டார்கள். இதைக் கப்பலில் ஏற்றும் முன்பே முடிக்கலாம்: சந்தேகமான கேஸ்கட்டை அங்கேயே மாற்றி, புதியதன் ரசீதையும் சோதனை அறிக்கையையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பேக்கிங் மரச் சட்டங்களில் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை (பூச்சி பரவாமல் மரத்தைப் பதப்படுத்தியதற்கான சர்வதேச அடையாளம்) இருக்கிறதா என்றும் பாருங்கள். சக்கரக் கூட்டில் ஒட்டிய மண்ணையும் சுரண்டிக் கழுவச் சொல்லுங்கள்.

ஜிஎஸ்டி, எடை போடுவது, எச்சரிக்கைப் பலகை, எழுத்து ஒட்டுவது எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன.

சான்றிதழோடு இணைத்துக் கொடுக்கும் நிபந்தனைத் தாளை வரி வரியாகப் படியுங்கள். எங்கே பறக்கலாம், யாரை ஏற்றலாம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. கட்டியவருக்குக் கிடைக்கும் பராமரிப்புச் சலுகை வாங்கியவருக்குத் தானாக வந்துவிடாது. ஆர்வி தெரிந்த, உரிமம் உள்ள இன்ஜினியர் ஒருவரை விமானம் வருவதற்கு முன்பே பேசி வையுங்கள். எனக்குக் கிடைத்தவர் இறக்கை போல்ட்டுகளைப் பூட்டும் நாளிலிருந்தே கூட இருந்தார். ஆய்வாளர் கேட்ட தொழில்நுட்பக் கேள்விகளில் பாதிக்கு அவர்தான் பதில் சொன்னார்.