இந்தியன் வீடும் அஸ்வெசும புள்ளியும்

"தம்பி, இது இந்தியன் வீட்டுத்திட்டத்தில வந்த வீடு. நான் உழைச்சுக் கட்டினது இல்லை. அதை எங்க பதியிறியள்?"

"அதுக்கு இடமில்லை அம்மா."

பேச்சு இவ்வளவுதான். இலங்கையில் வறிய குடும்பங்களுக்கு அரசு மாதக் கொடுப்பனவு தரும் அஸ்வெசும திட்டத்துக்கு நான் வீடு வீடாகத் தகவல் எடுத்த நேரம். நான் சொன்னதில் பொய் இல்லை. கல் சுவர், ஓட்டுக் கூரை. கண்ணால் கண்டதைப் பதிந்தேன். போருக்குப் பிறகு இந்திய அரசு வீடு கட்டத் தந்த ஐந்தரை லட்சம் ரூபாய் மானியம் போதாமல் கடன்பட்டு வீட்டை முடித்தவர்கள் வடக்கில் வன்னிப் பக்கம் எவ்வளவு பேர் என்று எங்கள் அலுவலகத்தில் தேநீர் கொண்டுவரும் பெடியனுக்கும் தெரியும். குடும்பத்தின் வறுமையைப் புள்ளி போட்டு அளக்கும் 22 குறிகாட்டிகளுக்குள் அந்தக் கதை அடங்காது.

2023 நடுப்பகுதியில் பட்டியல் வந்தது. அம்மாவுக்கு மாதம் 2,500 ரூபாய்ப் பிரிவு. கணவர் இல்லை, நிலையான வருமானமும் இல்லை. 8,500 கிடைக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மேன்முறையீட்டுப் படிவத்தை நானே நிரப்பிக் கொடுத்தேன். அவர் என்னை ஏசவில்லை. "சமுர்த்திக்கு எழுத வந்த ஆளுக்கெண்டா சொல்லி விளங்கப்படுத்தியிருக்கலாம்" என்றார். அஸ்வெசுமவுக்கு முன்பிருந்த உதவித்திட்டம்தான் சமுர்த்தி. அப்புறம் அவரே, "அவர் தன்ர ஆக்களுக்குத்தான் எழுதினவர்" என்றும் சொன்னார்.

இந்த இரண்டு வசனங்களுக்கு நடுவில்தான் நான் இன்னும் நிற்கிறேன்.

ஆள் பார்த்து எழுதக்கூடாது என்றுதான் புள்ளிமுறை வந்தது. எனக்கு இளக அனுமதி இருந்தால், கட்சிக் கடிதத்தோடு வருகிறவருக்கும் அதே அனுமதி இருக்கும். அதனால் நான் செய்தது சரி. பெரும்பாலும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் நாடு பொருளாதாரத்தில் விழுந்தது எங்களைப் போன்றவர்கள் இளகியதால் இல்லையே. 2019 கடைசியில் ஆட்சிக்கு வந்தவர்கள் வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 ஆக வெட்டினார்கள். 2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தினார்கள். கடனுதவிக்குச் சர்வதேச நாணய நிதியத்திடம் போகச் சொன்னவர்களைக் கேட்காமல், 2022 ஜனவரியில் 50 கோடி டொலர் கடன்பத்திரத்தைக் கட்டி முடித்தார்கள். ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். மேலே ஒருவரையும் தடுத்து நிறுத்த ஒரு படிவம் இருக்கவில்லை. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் நெருக்கடிக்குப் பொறுப்பானவர்கள் யார் என்று பெயர் சொல்லியே தீர்ப்பளித்தது. மனுதாரர்களுக்குச் செலவுத்தொகை தலா ஒன்றரை லட்சம். அவ்வளவுதான்.

சர்வதேச நாணய நிதியம் ஆசியாவிலேயே முதலாவதாக எங்கள் நாட்டுக்குத்தான் ஆட்சிமுறைக் குறைபாட்டு அறிக்கை எழுதியது. ஊழல், பொறுப்புக்கூறல் எல்லாம் அதில் இருக்கிறது. சீர்திருத்தம் சட்டமாகி மேலே போய்ச் சேர வருடக்கணக்காகும். அஸ்வெசும மட்டும் சில மாதங்களில் அந்த அம்மாவின் வாசலுக்கு வந்துவிட்டது. கீழே இருப்பவரை அளப்பது சுலபம், அதுதான் காரணமோ என்னவோ. இது என் கசப்பாகவும் இருக்கலாம். பழைய பட்டியலில் இடமே கிடைக்காத சில குடும்பங்கள் இந்த முறை உள்ளே வந்ததை நானே பார்த்தேன்.

அடுத்த கட்டப் பதிவின்போது புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒருத்தி, திட்ட வீட்டை எப்படிப் பதிவது என்று கேட்டாள். கண்டதைப் பதி என்றேன். கடன் விபரத்தைத் தனியாக ஒரு கொப்பியில் எழுதி வை, மேன்முறையீட்டுக்கு உதவும் என்றும் சொன்னேன். உதவுமா என்று அவள் திருப்பிக் கேட்டாள். சில வேளை, என்றேன்.