வேலூர் வெயில் மறைத்து வைத்த ஹீட்டர் பிளக் பழுது

குளிர்ந்த டீசல் எஞ்சினைக் கிளப்பும்போது சிலிண்டருக்குள் சூடு தரும் சிறு மின் பாகம் ஒன்று உண்டு. புத்தகங்களில் குளோ பிளக் என்று அச்சிடப்பட்டிருக்கும் அதை நம் ஊர்ப் பட்டறைகளில் ஹீட்டர் பிளக் என்றுதான் சொல்வார்கள். அதைப் பற்றிக் கேட்டால், "நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு சார்?" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அந்தப் பதிலில் பாதி உண்மை இருப்பதால்தான் என் பழைய டீசல் காரின் பழுது பல மாதங்கள் யார் கண்ணிலும் படாமல் இருந்தது.

டிசம்பரில் காட்பாடி வீட்டு வாசலில் காலை நேரங்களில் செல்ஃப் (எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் மோட்டார்) சற்று அதிக நேரம் சுற்ற வேண்டியிருந்தது. பட்டறையில் பேட்டரிதான் காரணம் என்றார்கள். நானும் நம்பிப் புதிய பேட்டரி போட்டேன். ஜனவரியில் குடும்பத்தோடு ஏலகிரிக்குப் போய் ஓரிரவு தங்கினோம். மறுநாள் காலை ஆறு மணிக்குச் சாவியைத் திருப்பியபோது, செல்ஃப் நல்ல வேகத்தில் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை. சைலன்சரிலிருந்து எரியாத டீசலின் நெடியோடு வெள்ளைப் புகை மட்டும் வந்தது. எட்டரை மணிக்கு வெயில் பானெட்டின் மீது விழுந்த பிறகுதான் வண்டி நடுங்கிக்கொண்டே கிளம்பியது. பதினான்கு வளைவுகளையும் இறங்கிப் பொன்னேரி வந்து சேரும்வரை, டிசம்பரில் வாங்கிய பேட்டரியின் விலைதான் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளைப் புகை வருகிறது என்றால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, ஆனால் பற்றவில்லை என்று பொருள். ஆகவே பம்பையும் வடிகட்டியையும் சந்தேகிக்க வேண்டியதில்லை, குறைவது வெப்பம். டீசல் எஞ்சினில் அழுத்தப்பட்ட காற்றின் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். என் காரில் உள்ளது, டீசல் முதலில் ஒரு சிறு அறையில் பற்றும் முன்னறை கொண்ட பழைய வகை எஞ்சின்; சுருக்க விகிதம், அதாவது காற்று எத்தனை மடங்கு சிறிய இடத்துக்குள் அழுத்தப்படுகிறது என்பது, ஏறத்தாழ 22. இத்தகைய எஞ்சினில் உள்ளே போகும் காற்று 20 டிகிரி குளிர்ந்திருந்தால், சுருக்கத்தின் முடிவில் அந்தக் குறைவு சுமார் 50 டிகிரியாகப் பெருகிவிடும். ஏலகிரி ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றழுத்தமும் பத்து சதவிகிதம் போலக் குறைவு. மே மாதத்து வேலூரில் பிளக்குகளின் உதவியே இல்லாமல் கிளம்பிவிடும் அதே எஞ்சின், மலைமேல் விடியற்காலையில் அவற்றை முழுவதும் நம்பி நிற்கிறது.

டேஷ்போர்டில் சுருள் வடிவ விளக்கு ஒழுங்காக எரிந்து அணைந்ததால் பிளக்குகள் நன்றாக இருப்பதாகவே நினைத்திருந்தேன். பழைய வண்டிகளில் அந்த விளக்கு டைமர் ஓடுவதை மட்டுமே காட்டும். பிளக் சூடானதா என்பது அதற்குத் தெரியாது. மின்னணுக் கட்டுப்பாட்டில் டீசலைத் தூவும் புதிய காமன் ரெயில் வண்டிகளில் கட்டுப்பாட்டுப் பெட்டியே ஒவ்வொரு பிளக்கையும் கண்காணித்து, முதல் நான்கு சிலிண்டர்களுக்கு பி0671 முதல் பி0674 வரை பிழை எண்களைப் பதிவு செய்யும். என்னைப் போன்றவர்களுக்கு மல்டிமீட்டர்தான் துணை.

பிளக்குகளை இணைக்கும் தகட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றையும் தனியாக அளக்க வேண்டும். தகட்டோடு அளந்தால் நல்ல பிளக் கெட்டதை மறைத்துவிடும். மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் காட்டும் எண்ணையும் கழிக்க வேண்டும். என் மீட்டர் அப்படி 0.3 ஓம் காட்டியது. முதல் இரண்டு பிளக்குகளும் கழிவுக்குப் பின் 0.7, 0.8 ஓம் காட்டின. மூன்றாவதும் நான்காவதும் உள்ளே அறுந்து போயிருந்தன.

கழற்றுவதுதான் பயமான வேலை. பிளக் முறிந்து நுனி உள்ளே தங்கிவிட்டால் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டையே இறக்க நேரிடலாம். முந்தைய இரவே துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி, மறுநாள் எஞ்சினைச் சூடாக்கி, கால் சுற்று தளர்த்தி, பிறகு சற்று இறுக்கி, மறுபடியும் தளர்த்தி என்று நான்கையும் எடுக்க ஒரு முற்பகல் ஆயிற்று. மூன்றாவதன் நுனி வீங்கி வெடித்திருந்தது; நான்காவது பார்வைக்குப் புதிது போலவே இருந்தது. நுனி உருகியிருந்தால் அந்த சிலிண்டரின் நாசில் டீசலைச் சரியாகத் தூவுகிறதா என்றும் பார்த்தாக வேண்டும். எனக்கு அந்தச் செலவு வரவில்லை. பழைய வகைப் பன்னிரண்டு வோல்ட் பிளக்கை இடுக்கியில் பிடித்து பேட்டரியில் நேராகக் கொடுத்து, நுனியிலிருந்து சிவந்து வருகிறதா என்று சோதிக்கலாம். புதிய வண்டிகளில் ஐந்து வோல்ட் அளவில் இயங்கும் பிளக்குகளும் உண்டு. அவற்றை அப்படிச் சோதித்தால் எரிந்து போகும்.

நான்கையும் புதிதாகவே போட்டேன். மறுநாள் காலையிலும் பழைய தயக்கம் முழுவதும் போகவில்லை என்பதுதான் ஏமாற்றம். பிளக்குகளைக் கழற்றுவதற்கு முன்பே ஒருமுறை அளந்திருந்தேன்: சாவியைத் திருப்பியதும் பேட்டரியில் 12.1 வோல்ட், இணைப்புத் தகட்டில் 11 வோல்ட். நீளமான வயர் என்று அந்த 1.1 வோல்ட்டைப் பொருட்படுத்தவில்லை. இப்போது அளந்தால் பேட்டரியில் 11.8, தகட்டில் 9.6. இரண்டு பிளக்குகள் இழுத்த மின்னோட்டத்தை நான்கு இழுக்கும்போது, வழியில் எங்கோ இருந்த கெட்ட இணைப்பின் இழப்பும் இரட்டித்திருந்தது. வோல்ட் குறைந்தால் வெப்பம் அதன் வர்க்கத்தில் குறையும். ஆகவே புதிய பிளக்குகளுக்கு வர வேண்டிய வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு வரவில்லை.

மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவில் வைத்து, மறுமுனையை ஃபியூஸ், பிளக்குகளுக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலேவின் உள்வாய், வெளிவாய் என்று நகர்த்திக்கொண்டே வந்தேன். உள்வாய் வரை 0.2 வோல்ட்டைத் தாண்டவில்லை. வெளிவாய்க்குப் பிந்தைய வயர் முனையில் இரண்டு வோல்ட்டுக்கு மேல் ஏறிவிட்டது. நட்டைக் கழற்றினால் வயரின் வளைய முனை பச்சையும் கருப்புமாக அரித்துக் கிடந்தது. அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. சுமார் 45 ஆம்பியர் ஓடும் இடத்தில் இரண்டு வோல்ட் வீணானால், நூறு வாட் அளவு வெப்பம் அந்தச் சிறு நட்டிலேயே பிறந்திருக்கிறது. வயரை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, புதிய முனையை அழுத்திப் பொருத்தி, ரிலேயின் திருகைத் தேய்த்துச் சுத்தம் செய்து இறுக்கினேன். செலவு ஒரு தேநீர் விலைகூட ஆகவில்லை.

இப்போது தகட்டில் 11.4 வோல்ட் வருகிறது. சென்ற வாரம் மறுபடியும் ஏலகிரியில் தங்கி, விடியற்காலையில் விளக்கு அணையும்வரை காத்திருந்து சாவியைத் திருப்பினேன். இரண்டாவது சுற்றிலேயே எஞ்சின் பிடித்தது, புகையும் இல்லை.