தொகுதிப் பெயரை மனப்பாடம் செய்யும் முன்

நீட் ஆகட்டும், முதுகலை ஆசிரியர் தேர்வு ஆகட்டும், விலங்குலகப் பாடத்தை, அதாவது எந்த உயிர் எந்தத் தொகுதி (பெரும்பிரிவு) என்பதை, பலரும் அட்டவணையாகத்தான் உருப்போடுகிறார்கள். தேர்வறையில் அது கைகொடுக்காது. மண்டபம், பாம்பன் பக்கம் வலையில் ஏறுவதை வைத்தே நான் இதைப் படித்தேன். எந்த உயிரைப் பார்த்தாலும் ஒரே கேள்வி: இது எந்த உயிருக்கு உறவு, எதை வைத்துச் சொல்கிறோம்?

தோற்றத்தை நம்பவே கூடாது. சுறா, ஓங்கல் (டால்பின்), ஆவுளியா (கடற்பசு) மூன்றுக்கும் துடுப்பு இருக்கிறது. ஆனால் சுறா செவுளால் மூச்சுவிடும், வாலை இடமும் வலமுமாக வீசும். மற்ற இரண்டும் வாலை மேலும் கீழும் அடிக்கும் பாலூட்டிகள். அவற்றுக்குள்ளும் நெருக்கம் இல்லை. தரையில் தேடினால் ஆவுளியாவுக்கு உறவு யானை, ஓங்கலுக்கு நீர்யானை. நெருங்கிய உறவில்லாத உயிர்கள் ஒரே மாதிரி உருவம் பெறும் குவி பரிணாமத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம்.

படகடியில் ஒட்டும் கொட்டலசை (பார்னக்கிள்) பாருங்கள். ஓடு இருப்பதால் உயிரின வகைப்பாட்டுக்கு அடித்தளமிட்ட லின்னேயஸே அதைச் சிப்பி, நத்தை போன்ற மெல்லுடலிகளோடு சேர்த்தார். 1830-இல் ஜான் வாகன் தாம்சன் அதன் நீந்தும் இளவுயிரியை (லார்வா) கண்ட பிறகுதான் அது நண்டு, இறால் வகையறா என்று தெரிந்தது. வளர்ந்த உடல் மறைப்பதை இளவுயிரி காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தப் பாடத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது பாம்பன் அருகே குருசடைத் தீவு மணலில் வாழும் அரைநாணிதான் (ஹெமிகார்டேட்டா தொகுதி). டைக்கோடெரா ஃபிளேவா என்று பெயர்; பாடப்புத்தகத்தில் வரும் பலனோகிளாசஸின் உறவு. பார்த்தால் வெறும் புழு. ஆனால் தொண்டையில் நம் கூட்டத்துக்குரிய செவுள் பிளவுகள்! அதனால் ஒருகாலத்தில் முதுகுநாணிகளோடு வைத்தார்கள். அதன் டார்னேரியா இளவுயிரியையோ ஜெர்மன் விலங்கியலாளர் யோகானஸ் முல்லர் நட்சத்திர மீனின் குஞ்சு என்றே நினைத்தார். இன்று மரபணு ஆய்வும் அதை நட்சத்திர மீன், கடல் அட்டை அடங்கிய முட்தோலிகளுக்குப் பக்கத்தில்தான் வைக்கிறது. ஏன் தனித் தொகுதி என்று கேட்டால் முதுகுநாண் (முதுகு நெடுக ஓடும் தாங்குதண்டு) இல்லை என்று எழுதுங்கள்.

இப்போது ஒரு தாளில் சொறி (ஜெல்லி மீன்), நண்டு, கணவாய், கடல் அட்டை, சுறா, ஓங்கல் என்று எழுதி உறவுமரம் வரையுங்கள். முதலில் சொறி பிரியும். மீதி ஐந்தும் இருபக்கச் சமச்சீர் (இடமும் வலமும் ஒத்த உடல்) வழிவந்தவை. அந்தப் பண்பு ஐந்துக்கும் பொது என்பதால், அவற்றுக்குள் யாருக்கு யார் நெருக்கம் என்பதை அது சொல்லாது. ஒரு கிளையில் மட்டும் புதிதாகத் தோன்றிய பண்புதான் சாட்சி. 1950-இல் ஜெர்மன் விலங்கியலாளர் வில்லி ஹென்னிக் அழுத்திச் சொன்னது இதைத்தான். சுறாவையும் ஓங்கலையும் முதுகெலும்பு சேர்க்கும். கடல் அட்டை நண்டு, கணவாய் பக்கம் போகாது, இவர்கள் பக்கம் வரும். மூன்றிலும் கருவின் முதல் துளை மலவாயாகிறது. இந்த ஒரு மரத்தைக் காரணத்தோடு வரையத் தெரிந்தால் பாதிப் பாடம் முடிந்தது.

ஒன்று சொல்லவேண்டும். படிக்கிறேன் என்று கடல் அட்டையை எடுத்து வைக்காதீர்கள். 2001 முதல் அது சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. தீவுகளுக்குப் போகவும் வனத்துறை அனுமதி வேண்டும். ஏலக்கூடத்தில் கிடக்கும் திருக்கையும் கணவாயும் நண்டுமே உங்களுக்குப் போதும். காலையில் ஏலம் முடிவதற்குள் போய்விடுங்கள்.