போகிக்கு முன்னால் ஒரு டப்பா கார் பாலிஷ்

ஜனவரி 3, 2025, வெள்ளி

மேடவாக்கம் பக்கம் போர் தண்ணீரில் குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு உப்புக் கறை எப்படியிருக்கும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. எங்கள் குளியலறைக் கண்ணாடித் தடுப்பு முழுக்க வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. வினிகர் தெளித்து அரை மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்தால் மேலே இருப்பது நுரைத்துக்கொண்டு போய்விடும். ஆனால் அடியில் ஒரு மங்கல் அப்படியே நிற்கும். தண்ணீரில் இருக்கும் கால்சியம் உப்பு அமிலத்தில் கரையும், கூடவே படிகிற சிலிக்கா அவ்வளவு சுலபத்தில் கரையாது. அதை உராய்ந்துதான் எடுக்க வேண்டும்.

பொங்கல் சுத்தம் தொடங்கிவிட்டதால் இன்று அந்த மங்கலில் கார் பாலிஷ் போட்டுப் பார்த்தேன். வீட்டுக்காரர் டிக்கியில் வைத்திருக்கும் வெள்ளை பாலிஷ்தான். கண்ணாடியை நன்றாகக் கழுவி, ஒரு மணல் துகள்கூட இல்லாமல் துடைத்துக் காயவிட்டேன். லேசாக நனைத்த துணியில் சுண்டைக்காய் அளவு எடுத்து, கீழ் மூலையில் ஒரு கை அகலத்துக்கு மட்டும் வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். அது காய்ந்து வெளிறியதும் வேறு துணியால் துடைத்தேன். அந்த ஒரு கை அகலம் மட்டும் தெளிந்து, பின்னால் இருக்கும் பக்கெட் பளிச்சென்று தெரிந்தது. சுற்றியிருந்த கண்ணாடி அதன் பிறகுதான் எவ்வளவு அழுக்கு என்று புரிந்தது.

மீதிக் கண்ணாடியையும் மாலைக்குள் முடித்தேன். தோள் வலிக்கிறது. இருந்தாலும் இரண்டு வருடக் கறை போயிருக்கிறது, பெரிய சந்தோஷம்.

ஜனவரி 5, ஞாயிறு

வண்டிக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறைக்கு வீட்டுக்காரரோடு நானும் போனேன். எனக்கு ஒரு சந்தேகம் கேட்க வேண்டியிருந்தது. கடைகளில் ரப்பிங் காம்பவுண்ட், பாலிஷ், வாக்ஸ் என்று மூன்று டப்பா பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. எதை எதற்கு வாங்குவது?

பெயின்டர் தம்பி கையைத் துடைத்துக்கொண்டே பொறுமையாகச் சொன்னார்: “அக்கா, காம்பவுண்டு வெட்டும். கீறல் எடுக்கத்தான் அது. வீட்டு சாமானுக்கு அத எடுக்காதீங்க. பாலிஷ் லேசா உராயும், அது போதும். வாக்ஸ் கறைய எடுக்காது, மேல உக்காந்துக்கும், அவ்வளவுதான்.”

இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. பாலிஷில் இருப்பது மிக நுண்ணிய உராய்வுப் பொடி, பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அது 9. கண்ணாடி ஐந்தரை சொச்சம், சுண்ணாம்புப் படிவம் 3. அப்படியானால் கண்ணாடியையே கீறிவிடாதா என்றால், துகள் அவ்வளவு சிறியது என்பதால் அது போடும் கோடு கண்ணுக்குத் தெரியாது. நிறைய பாலிஷ்களில் தேய்க்கத் தேய்க்கத் துகள் இன்னும் உடைந்து சன்னமாகிவிடும். பொடியோடு கொஞ்சம் பெட்ரோலிய எண்ணெய் வகைக் கரைப்பானும் இருக்கும். பிசின், தார், ஸ்டிக்கர் பசை, மார்க்கர் மை போவது அதனால்தான். சிலவற்றில் சிலிக்கோனோ, பிரேசில் நாட்டுப் பனை இலையிலிருந்து எடுக்கும் கார்னௌபா மெழுகோ சேர்த்திருப்பார்கள். அதுதான் பளபளப்பு தருவது, தண்ணீரை முத்து முத்தாக உருள வைப்பது.

கிளம்பும்போது ஒரு கட்டு பனியன் வேஸ்ட் துணி கொடுத்தார். திருப்பூர்க் கம்பெனிகளில் மிஞ்சும் இந்த வெட்டுத் துணியை விட்டால் பட்டறையில் வேலையே நடக்காது. பருத்தி, மெத்தென்று இருக்கும், பாலிஷ் தேய்க்க வாகானது. தையல் இருக்கும் துண்டை மட்டும் ஒதுக்கிவிடச் சொன்னார், தையல் நூல் கோடு போடுமாம்.

ஜனவரி 6, திங்கள்

பைப்புகள். வேலை சீக்கிரம் முடிந்தது. முதலில் எலுமிச்சைத் தோலால் தேய்த்து உப்பைத் தளர்த்தி, கழுவி, அப்புறம் பாலிஷ். அழுத்தம் கொடுக்கவே கூடாது. பைப்பின் மேலிருக்கும் குரோம் பூச்சு ஒரு மைக்ரான்கூட இருக்காது, அதன் அடியில் நிக்கல். வாரா வாரம் உராய்ந்தால் ஒருநாள் அடியில் இருக்கும் பித்தளை மஞ்சளாக எட்டிப் பார்க்கும். வருடத்துக்கு ஓரிரு முறை என்று வைத்துக்கொண்டால் சரி.

கழிப்பறை கழுவும் ஆசிட்டைப் பைப்பில் ஊற்றுகிற பழக்கம் எங்கள் குடியிருப்பில் நிறைய வீடுகளில் இருக்கிறது. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். குரோமையும் ஸ்டீலையும் அரித்துவிடும். அதோடு ப்ளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போட்டால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். தயவுசெய்து யாரும் அதைச் செய்ய வேண்டாம்.

ஜனவரி 8, புதன்

ஃபிரிட்ஜ் கதவில் சின்னவள் பெர்மனன்ட் மார்க்கரால் எழுதிய அவள் பெயர் போய்விட்டது. துணியில் தொட்டுத் துடைத்தவுடனே மை இளகி வந்தது, தேய்க்கவே வேண்டியிருக்கவில்லை. பழைய பில்லை ஒட்டியிருந்த டேப்பின் பசையும் அப்படியே வந்தது. அலமாரியின் பளபள சன்மைகா மேலிருந்த கைத்தடங்களும் போயின.

பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, “செவுத்துல இருக்கிற க்ரேயானுக்கும் இதையே போடலாமாம்மா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். எமல்ஷன் அடித்த சுவர் மினுக்கம் இல்லாதது. அதில் பாலிஷ் போட்டால் தேய்த்த இடம் மட்டும் மினுமினுத்து, எண்ணெயும் ஏறி, க்ரேயானைவிட மோசமான திட்டாகிவிடும். மினுக்கமில்லாத எந்தப் பரப்புக்கும் இதே நிலைதான்.

வேறு எதில் கூடாது என்று அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். மூக்குக் கண்ணாடி, செல்போன் திரை, டிவி திரை: மேலே இருக்கும் மெல்லிய பூச்சைப் பாலிஷ் உராய்ந்து எடுத்துவிடும். தோசைக்கல், நான்ஸ்டிக், தட்டு, டம்ளர் என்று வாயோடு தொடர்புள்ள எதிலும் வேண்டவே வேண்டாம்.

ஜனவரி 11, சனி

குத்துவிளக்குகளை இறக்கினோம். பாலிஷ் டப்பாவைப் பார்த்ததும் அத்தை, “சாமி விளக்குக்கு வண்டி எண்ணெயா? புளி எதுக்கு இருக்கு?” என்றார். அத்தை சொன்னது நியாயம்தான். பித்தளை கறுப்பது செம்பும் துத்தநாகமும் காற்றோடு சேர்ந்து உண்டாகும் படலத்தால். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் அதைக் கரைக்கிறது, கொஞ்சம் உப்பும் சேர்த்தால் இன்னும் வேகமாக. வேலைப்பாட்டின் இண்டு இடுக்கெல்லாம் புளி இறங்கும். பாலிஷ் அங்கே காய்ந்து வெள்ளையாக அடைத்துக்கொள்ளும், ஊசி வைத்து நோண்ட வேண்டியிருக்கும். தவிர, விளக்கு நெருப்பேற்றுகிற பொருள்.

வாசலில் இருக்கும் பித்தளைப் பெயர்ப்பலகைக்குப் பாலிஷ்தான் போட்டேன். தட்டையான தகடு, மெழுகு தங்கினால் நல்லது, மறுபடி கறுக்க நாளாகும். வீட்டில் பிராஸ்ஸோ இருந்தால் அதுவும் இதே வேலையைச் செய்யும், அது உலோகத்துக்கென்றே வந்தது. செம்புக் குடத்தைத் தொடவில்லை. குடிக்கிற தண்ணீர் இருக்கும் பாத்திரம், அதற்கு எப்போதும் புளிதான்.

ஜனவரி 13, திங்கள், போகி

ஒரே ஒரு விஷயம். பாலிஷ் தேய்த்த துணிகளைப் போகித் தீயில் போடாதீர்கள். கரைப்பான் ஏறிய துணி குப்பென்று பிடிக்கும், புகையும் நல்லதில்லை. துணிகளை வெயிலில் விரித்துக் காயவிட்டுத் தனியாகக் கட்டிக் குப்பையில் சேர்த்தேன். அடுப்படியிலும் அவற்றை வைக்கக் கூடாது.

ஜனவரி 18, சனி

சமையல் மேடை கிரானைட்டில் எண்ணெய்க் கறை. பாட்டில் வைக்கும் இடத்தில் வட்டமாகக் கறுத்திருக்கிறது. அதைப் பாலிஷ் ஒன்றும் செய்யாது, ஏனென்றால் அது மேலே இல்லை, கல்லுக்குள் இறங்கியிருக்கிறது. கண்டுபிடிக்க நான் செய்வது சுலபம்: பக்கத்தில் சுத்தமான இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் விடுவேன். துடைத்த பிறகு அந்த இடம் கறுத்துத் தெரிந்தால் அந்தப் பரப்பு உறிஞ்சுகிறது என்று அர்த்தம். உறிஞ்சுகிற கல், சிமென்ட் தரை, டைல்ஸ் இடுக்கு, பூச்சு அடிக்காத மரம் எதிலும் கார் பாலிஷ் வேண்டாம். அதன் எண்ணெயும் உள்ளே போய்ப் புதுக் கறையாகும்.

எண்ணெய் உள்ளே போயிருந்தால் வெளியே இழுக்க வேண்டும். சமையல் சோடாவைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்துக் கறை மேல் கனமாக அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஓரங்களில் டேப் ஒட்டினேன். நாளைக்குத் திறந்து காயவிட்டுச் சுரண்ட வேண்டும்.

மார்பிள் மேடை வைத்திருப்பவர்கள் வினிகரையும் எலுமிச்சையையும் அண்டவே விடக் கூடாது. மார்பிளே கால்சியம் கார்பனேட்தான், கறையைக் கரைக்கிற அமிலம் கல்லையும் கரைத்துவிடும்.

ஜனவரி 19, ஞாயிறு

கிரானைட் வட்டம் பாதி வெளுத்திருக்கிறது. இன்னொரு முறை அப்பியிருக்கிறேன்.

மூன்றாம் மாடி மாமா குளியலறைத் தரைக்கும் பாலிஷ் போடலாமா என்று கேட்டார். மனசுக்குப் பதறிவிட்டது. மெழுகும் சிலிக்கோனும் தங்கிய தரையில் தண்ணீர் பட்டால் கால் நிற்காது. வயதானவர்கள் இருக்கும் வீடு. குளியலறைத் தரை, மாடிப்படி, பால்கனி என்று கால் வைக்கும் எந்த இடத்திலும் கூடாது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வந்தேன். சுவர் டைல்ஸ் என்றால் தாராளமாகப் போடட்டும். அப்போதும் கீழே சிந்துவதைச் சோப்புத் தண்ணீரால் கழுவிவிட வேண்டும், ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும், கையுறை போட்டுக்கொள்ள வேண்டும்.

ஜனவரி 26, ஞாயிறு

கண்ணாடித் தடுப்பு இன்னும் தெளிவாகவே இருக்கிறது. குளித்து முடித்ததும் சின்ன வைப்பரால் ஒரு இழுப்பு, அவ்வளவுதான். ஒரு மேல் மூலையில் மட்டும் மங்கல் போகவே இல்லை. நகத்தால் தடவினால் மேடு எதுவும் தட்டவில்லை, கண்ணாடியே அரித்துப்போயிருக்கிறது. அதற்குக் கண்ணாடிக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் சீரியம் ஆக்சைடு பொடியும் மெஷினும் வேண்டும்.

மாலையில் வீட்டுக்காரர் மிச்ச பாலிஷைக் காரின் மஞ்சளித்த ஹெட்லைட்டில் போட்டார். ஹெட்லைட் பாலிகார்பனேட் பிளாஸ்டிக், வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டு மேல்பூச்சு கெட்டுத்தான் மஞ்சளாகிறது. ஒரு பக்கம் நன்றாகவே தெளிந்துவிட்டது. ஆனால் பாதுகாப்புப் பூச்சு திரும்ப அடிக்காவிட்டால் சில மாதத்தில் மறுபடி மஞ்சளிக்கும், அதற்குப் பட்டறைக்குத்தான் போக வேண்டும். முன் கண்ணாடியில் பாலிஷ் படாமல் பழைய துண்டால் மூடச் சொன்னேன், மழையில் வைப்பர் ஓடும்போது படலம் கலங்கி வழி தெரியாது.

டப்பாவில் இன்னும் கால்வாசி இருக்கிறது. அடுத்த வாரம் அம்மா வீட்டு ஸ்டீல் சிங்க் விளிம்பு. ஸ்டீலில் வட்டமாகத் தேய்க்கக் கூடாது, தகட்டில் கோடு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதே போக்கில் இழுக்க வேண்டும்.